மின்கார் பதிவு செய்துவிட்டேன், காத்திருக்கிறேன்

பொருநைக்கரை
5 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

நேற்று முன்தினம், ஆடிப் பதினெட்டு அன்று, ஒரு மின்காருக்கு முன்பணம் கட்டினேன். ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பெருக்கன்று தொடங்கினால் பெருகும் என்று சொல்லி அந்தச் சட்டத்தில் அப்பாவே ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆறு வாரத்தில் வண்டி வந்துவிடும் என்கிறார்கள். ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைக்கலாம்.

எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் ரசிகர் மன்றங்கள் வந்து இந்த விவாத இழையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பேட்டரி சுமார் 50 யூனிட், எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. விளம்பரத்தில் 450 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், நான் 330 என்று வைத்திருக்கிறேன்.

காரணமும் சொல்லிவிடுகிறேன். வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டை. 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய மழையில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. பதினோரு ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் கூரை வரை மூழ்கியது. அன்றிலிருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். போக 60, வர 60.

வண்டி வருவதற்குள் வீட்டில் என்ன வேலை முடித்து வைக்க வேண்டும்?

டீசல்புகை
5 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

வாழ்த்துகள் அண்ணாச்சி. ஒரு கயிறும் வாங்கி வையுங்கள். கயத்தாறில் நிற்கும்போது நாமக்கல் லாரி எதுவாவது கட்டி இழுத்து வரும்.

நான்காவது மாடி
5 ஆகஸ்ட் 2025, இரவு 10.32

கயிற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் தேதியைப் பாருங்கள். தமிழக அரசின் 2023 மின் வாகனக் கொள்கையில் சாலை வரிக்கு முழு விலக்கு 2025 டிசம்பர் 31 வரைதான். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார் என்றால் வரி 18 விழுக்காடு. உங்கள் வண்டி பதினாறு லட்சம் என்றால் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய். ஆறு வாரம் என்று அவர்கள் சொல்வது பதினாறு வாரமானாலும் தப்பித்துவிடுவீர்கள், இருபத்திரண்டு வாரமானால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தத் தேதிக்குள் பதிவு முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்குங்கள்.

நான் வேளச்சேரியில் அடுக்ககவாசி. வண்டி வந்து ஏழு மாதமாகிறது. வாகன நிறுத்தத்தில் சார்ஜர் வைக்கச் சங்கத்தின் சம்மதம் வாங்குவதற்கு மட்டும் ஐந்து மாதம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

மும்முனை
6 ஆகஸ்ட் 2025, காலை 6.50

வணக்கம் அண்ணா. கோவையில் மின்பணி செய்கிறேன். இதுவரை நாற்பது வீடுகளுக்காவது கார் சார்ஜருக்கு ஒயரிங் போட்டிருப்பேன்.

எல்லோரும் ஒரு சார்ஜ் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டு எர்த் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வண்டி வந்த அன்று ராத்திரி எனக்கு அழைப்பு வருவது அதனால்தான். சார்ஜரைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. வண்டி கெட்டுவிட்டது என்று ஷோரூமைத் திட்டுவார்கள். போய்ப் பார்த்தால் எர்த் ஒயர் சுவருக்குள்ளேயே முடிந்திருக்கும். மிக்சியும் ஃபிரிட்ஜும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மின்சாரத்தை உள்ளே விடும்.

ஒரு மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் பிழைத்தீர்கள். இருபது, முப்பது காட்டினால் புதிய எர்த் குழி தோண்ட வேண்டும்.

அடுத்தது சாக்கெட். வண்டியோடு வரும் சிறிய சார்ஜர் 3.3 கிலோவாட். அது ஆறு, எட்டு மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். ஏ.சி. அப்படி இழுப்பதில்லை, விட்டு விட்டுத்தான் ஓடும். வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் நான்கு மாதத்தில் பிளாஸ்டிக் உருகும். தொழிற்சாலைகளில் போடும் நீல நிற மூன்று முள் சாக்கெட் வையுங்கள். மீட்டரிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, நடுவில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. போடுங்கள், ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்குங்கள். பின்னால் 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்துவிடுங்கள். சுவரை இரண்டு முறை உடைக்க வேண்டாம்.

பொருநைக்கரை
10 ஆகஸ்ட் 2025, மாலை 5.05

மும்முனை தம்பி, அளந்து பார்த்தேன். 41 வோல்ட். உள்ளூர் மின்பணியாளர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய எர்த் குழாயை 2023 வெள்ளம் அரித்துவிட்டிருக்கிறது. நாங்கள் ஒன்றரை ஆண்டாக எர்த் இல்லாத வீட்டில் குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

புதிய குழி எட்டடி. கரியும் உப்பும் போட்டுச் செம்புத் தகடு இறக்கினோம். இப்போது 1.2 வோல்ட்.

சாக்கெட்டை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் சண்டை. மூன்றடி போதும் என்றார் மின்பணியாளர். அப்பா அவரை வெளியே அழைத்துப் போய்ச் சுவரில் இருந்த கறையைக் காட்டினார். 2023 வெள்ளத்தின் கோடு, தரையிலிருந்து ஐந்தடி இரண்டு அங்குலம். எத்தனை முறை வெள்ளையடித்தும் அந்தக் கோடு மேலே வந்துவிடுகிறது. சாக்கெட்டும் பிரேக்கர் பெட்டியும் இப்போது ஆறே கால் அடியில் இருக்கின்றன. அம்மா முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும்.

வடதுருவத்தான்
10 ஆகஸ்ட் 2025, இரவு 11.20

ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன் தம்பி. ஊர் யாழ்ப்பாணம், இங்கே வாடகைக் கார் ஓட்டுகிறேன். 2019 முதல் மின்காரில்தான் ஓட்டம். எர்த் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நோர்வேயின் பல பழைய வீடுகளில் நியூட்ரலே கிடையாது, இரண்டு கம்பிக்கும் நடுவில் 230 வோல்ட். தொடக்க காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சில வண்டிகள் இதைப் பார்த்துப் பயந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ள மறுத்தன. இங்கே 2001 முதலே மின்காருக்கு விற்பனை வரி விலக்கு இருந்தது. 2024ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். அவ்வளவு இருந்தும் முதல் நாள் ராத்திரி எல்லோருக்கும் சிவப்பு விளக்குத்தான்.

டீசல்புகை
4 செப்டம்பர் 2025, காலை 8.10

அண்ணாச்சி, செய்தி பார்த்தீர்களா? நேற்று ஜி.எஸ்.டி. கவுன்சில் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரியை 28லிருந்து 18 ஆக்கிவிட்டது. செப்டம்பர் 22 முதல் அமல். மின்காருக்குப் பழைய 5 அப்படியே. இடைவெளி சுருங்குகிறது. முன்பணத்தைத் திரும்ப வாங்க இன்னும் நேரம் இருக்கிறது.

கேலி இல்லாமல் ஒரு கணக்குச் சொல்கிறேன். என் ஓட்டம் ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர். மின்காருக்குக் கூடுதலாக நான்கு லட்சம் கொடுத்து, கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சப்படுத்தினால் ஆண்டுக்கு முப்பதாயிரம். போட்ட பணம் திரும்ப வருவதற்கு பதின்மூன்று ஆண்டு. அதற்குள் என் மகளுக்குத் திருமணமாகிப் பேரப்பிள்ளை எல்.கே.ஜி. போகும்.

பொருநைக்கரை
4 செப்டம்பர் 2025, இரவு 9.00

உங்கள் கணக்கு உங்களுக்குச் சரிதான் நாமக்கல்லாரே, மறுக்கமாட்டேன். ஆறாயிரம் ஓடுகிறவர் வாங்க வேண்டாம். நான் ஆண்டுக்கு முப்பதாயிரம் ஓடுகிறவன்.

வண்டி நிலவரம்: ஆறு வாரம் என்பது இப்போது “பண்டிகைக்குள்” என்றாகியிருக்கிறது. எந்தப் பண்டிகை என்று கேட்டேன். சிரிக்கிறார்கள்.

மும்முனை
5 செப்டம்பர் 2025, காலை 7.15

அண்ணா, மின் கட்டணக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் ரசீதைப் பார்த்துத் தலைசுற்றும். நாளுக்கு 120 கிலோமீட்டர் என்றால் 17 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 19. இரண்டு மாதத்துக்கு ஐம்பது வேலைநாள் வைத்தால் 950 யூனிட். வீட்டுக்கு 350 என்று வைத்தால் மொத்தம் 1,300. இப்போதைய கட்டண அட்டவணையில் 500ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய் 55 காசு, 600க்கு மேல் 9.65, 800க்கு மேல் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. எல்லாம் கூட்டினால் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தொடும். இதில் கார் தின்றது ஒன்பதாயிரத்து அறுநூறு. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அது என்றால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 60 காசு.

லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு நாற்பதாயிரம் கேட்கும். எனவே லாபம்தான். ஆனால் ரசீது வரும் அன்று வீட்டில் யாரும் இந்த ஒப்பீட்டைச் செய்யமாட்டார்கள், ஆயிரம் ரூபாய் கட்டிய இடத்தில் பத்தாயிரம் என்று மட்டுமே பார்ப்பார்கள். முடிந்தால் கூரையில் 3 கிலோவாட் சூரிய மின்தகடு போடுங்கள். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கும். நீங்கள் பகலில் கோவில்பட்டியில் இருந்தாலும் நெட் மீட்டர் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

பொருநைக்கரை
21 அக்டோபர் 2025, மாலை 6.30

ஆயுத பூசை போயிற்று. நேற்று தீபாவளியும் போயிற்று. வாங்கிய எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டாயிற்று.

சென்ற வாரம் ஷோரூமிலிருந்து அழைத்தார்கள். “சாம்பல் நிறம் தாமதமாகும் சார், வெள்ளை ஒன்று கையிருப்பில் இருக்கிறது, நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.” விடுப்புப் போட்டு ஓடினேன். நகருக்கு வெளியே ஒரு பொட்டலில், கருவேலமரங்களுக்கு நடுவே நின்றது. அழகாகத்தான் இருந்தது. நான்காவது மாடி அம்மா முன்பு ஓர் இழையில் சொன்னது நினைவுக்கு வர, குனிந்து டயரைப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 0625. 2025ன் ஆறாவது வாரம், அதாவது பிப்ரவரி. கதவுச் சட்டத்தில் இருந்த தகட்டில் வண்டி தயாரான மாதம் மார்ச். ஏழு மாதமாக வெயிலில் கிடந்திருக்கிறது. திரையை இயக்கினால் பேட்டரி 4 விழுக்காடு. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

மாலை நேரத்தில் வாசலில் போய் நிற்பது பழக்கமாகிவிட்டது. காலி இடத்தில் நீல சாக்கெட் மட்டும் ஆறடி உயரத்தில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுப் பையன் அது சிசிடிவியா என்று கேட்டான்.

நான்காவது மாடி
21 அக்டோபர் 2025, இரவு 8.45

நல்ல வேளை, எடுக்கவில்லை. 4 விழுக்காட்டில் வெயிலில் மாதக்கணக்காக விட்ட பேட்டரியைப் புதியது என்ற விலைக்கு நான் தொடமாட்டேன்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். கோவில்பட்டி, மதுரை வழியில் சார்ஜர் எங்கெங்கே இருக்கிறது என்று செயலியில் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலோ நண்பர் வண்டியிலோ நேரில் போய்ப் பாருங்கள். செயலியில் பச்சைப் புள்ளி காட்டும். நேரில் போனால் உணவகத்தின் பின்புறம் தண்ணீர் லாரியும் அதன் பின்னால் சார்ஜரும் இருக்கும்.

ஆரல்காற்று
22 அக்டோபர் 2025, காலை 9.30

நாகர்கோவில் பக்கம் வருவதாக இருந்தால் என் பங்குக்கு ஓர் எச்சரிக்கை. ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்று பிடித்தால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஐந்துக்கு இறங்கும். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும், எட்டு காட்டும். காற்றாலைக்காரன் ஊரில் காற்றுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பொருநைக்கரை
2 டிசம்பர் 2025, இரவு 10.10

கார்த்திகை பாதி முடிந்துவிட்டது. இப்போது “டிசம்பர் 20 உறுதி” என்கிறார்கள். டிசம்பர் 16 மார்கழி பிறக்கிறது. அப்பா மார்கழியில் வண்டியைத் தொடமாட்டார். 2023ல் கார் மூழ்கியதும் மார்கழி பிறந்த அன்றுதான் என்பது அவருடைய இறுதி வாதம். தை பிறக்கட்டும் என்றால் வரி விலக்கின் தேதி கடந்துவிடும், மூன்று லட்சம். பஞ்சாங்கத்துக்கும் அரசாணைக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

டீசல்புகை
2 டிசம்பர் 2025, இரவு 10.25

இந்தக் கட்டத்தில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பாவம்.

நான்காவது மாடி
3 டிசம்பர் 2025, காலை 7.00

முன்பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கச் சொன்னேனே, வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் அந்தத் தாளின் படத்தை அவர்களுக்கே அனுப்பிவிட்டு, கார்த்திகைக்குள் வராவிட்டால் பணம் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள். மின்னஞ்சல்.

பொருநைக்கரை
15 டிசம்பர் 2025, இரவு 11.55

கார்த்திகை 29. பதிவு முடிந்தது. வண்டி வாசலில் நிற்கிறது. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து.

மின்னஞ்சல் போன நான்காம் நாள் சாம்பல் நிறம் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை யார்டில் பார்த்தேன். டயர் 4025, பேட்டரி 46 விழுக்காடு. நான்காவது மாடி அம்மாவுக்கு அல்வா அனுப்ப வேண்டும், முகவரியைத் தனிச்செய்தியில் தாருங்கள்.

சார்ஜரைச் செருகினேன். மும்முனை தம்பி, பச்சை விளக்கு.

மும்முனை
16 டிசம்பர் 2025, காலை 6.05

அந்த ஒரு வரிக்காகத்தான் நான்கு மாதமாக இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா.

பொருநைக்கரை
24 டிசம்பர் 2025, இரவு 9.15

ஒன்பது நாள், 890 கிலோமீட்டர்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகக் காலத்திலிருந்து முப்பத்தொரு ஆண்டு அரசுப் பேருந்து ஓட்டுநர். அதில் பதினான்கு ஆண்டு மாஞ்சோலை வழித்தடம். என்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த இன்ஜெக்டர் சரியில்லை என்று சொல்வார். முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார், ஒரு சத்தமும் இல்லை. ஓடவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினார், அணைந்துவிட்டது. மூன்று முறை. பிறகு இறங்கிவிட்டார். “உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வண்டியை எப்படி ஓட்டுவது?”

எனக்குச் சிக்கல் வேறு. மிதியிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாகவே இழுத்துப் பிடிக்கிறது. முதல் மூன்று நாள் பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பூசாரி முன் சாமியாடுவது போல முன்னும் பின்னும் ஆடினார்கள். அம்மாவுக்குக் குமட்டல். வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்பும் இந்த மீட்புப் பிடியை மிகக் குறைந்த நிலையில் வைத்தேன். இப்போது தேவலை.

தெருநாய்கள் இன்னொரு தொல்லை. பழைய வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எழுந்துவிடும். இதற்கு எழுவதில்லை. இறங்கிப் போய்த்தான் எழுப்புகிறேன்.

திரையில் காட்டும் மீதித் தூரத்தை நம்புவதை விட்டுவிட்டேன். காலையில் 402 காட்டுகிறது, கயத்தாறு போவதற்குள் 340 ஆகிறது. அதற்கு நான் வைத்த பெயர் ஊகமானி. விழுக்காட்டை மட்டும் பார்க்கிறேன். ஒரு விழுக்காட்டுக்கு நெடுஞ்சாலையில் மூன்று கிலோமீட்டர். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. டீசல் அளவுக்குச்சியைத் தொட்டியில் விட்டுப் பார்த்தவர் அவர்.

வடதுருவத்தான்
25 டிசம்பர் 2025, அதிகாலை 2.40

தம்பி, மீட்புப் பிடியைக் குறைத்து வைத்துப் பழகினால் அதிலேயே நின்றுவிடுவீர்கள். நடு நிலையில் வைத்து, காலை ஒரேயடியாக எடுக்காமல் மெல்ல எடுத்துப் பாருங்கள். முட்டைக்கோது மேல் மிதிப்பதுபோல. இரண்டு வாரத்தில் பயணிகளுக்கு நிறுத்தியதே தெரியாது. என் பின் இருக்கையில் ஆட்கள் தூங்குகிறார்கள்.

ஆரல்காற்று
25 டிசம்பர் 2025, காலை 10.10

ஒன்று மறந்துவிடாதீர்கள். இவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும் கதவையும் திரையையும் எழுப்புவது ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். நான் பத்து நாள் வெளியூர் போய் வந்தபோது அது செத்துக் கிடந்தது. பெரிய பேட்டரியில் 71 விழுக்காடு இருக்க, சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்தேன். ஆனை இருந்தும் அங்குசம் இல்லாத கதை.

பொருநைக்கரை
29 டிசம்பர் 2025, இரவு 8.30

ஊட்டி போய் வந்தோம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூறு விழுக்காட்டில் கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் சுமார் 250 கிலோமீட்டர், 22 விழுக்காட்டில் சேர்ந்தோம். சார்ஜர் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தது. அதே சார்ஜரின் இன்னொரு துப்பாக்கியை (செருகும் பிடியை) வேறொருவர் தன் வண்டியில் செருகியதும் எங்களுக்குப் பாதிதான் வந்தது. முதலில் செயலியில் பணம் போகவில்லை. அம்மா கட்டிக்கொண்டு வந்த புளியோதரை, அப்பாவின் ஒரு குட்டித் தூக்கம், 80 விழுக்காடு. யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல் ஆயிற்று. வீட்டில் ஏற்றுவதைப் போல இரண்டு மடங்கு. ராத்திரி கோவையில் மும்முனை தம்பியின் பட்டறையில் செருகிவிட்டு, அவர் வீட்டிலேயே சாப்பிட்டோம். இந்த இழையில் எழுத்தாக மட்டும் தெரிந்தவர். வாசலில் நின்று அப்பாவை “வாங்க ஐயா” என்று கைபிடித்து அழைத்துப் போனார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் 78. குன்னூர் வழியாக ஊட்டி சேர்ந்தபோது 44. ஐம்பது கிலோமீட்டருக்கு 34 விழுக்காடு போய்விட்டது. நெஞ்சு படபடத்தது, பிறகு கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு இரண்டு டன் எடை. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே பத்து யூனிட் வேண்டும், தூரத்துக்கானது தனி. பள்ளிக்கூட இயற்பியல்தான்.

தவறு செய்தது அதற்குப் பிறகு. தங்கிய விடுதியில் செருக இடம் கொடுத்தார்கள். கிடைத்த இடத்தில் ஏற்றிக்கொள்வோம் என்று இரண்டு ராத்திரியும் செருகி நூறு ஆக்கிவிட்டேன். காலையில் கிளம்பினோம். காலை எடுத்தால் வண்டி பிடிக்கவில்லை! வழுக்கிக்கொண்டு போகிறது. திரையில் “மீட்புப் பிடி இல்லை” என்று ஒரு வரி. நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? மீட்ட மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமில்லை. மிதிபிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். குன்னூரைத் தாண்டிக் கொண்டையூசி வளைவுகள் தொடங்கியும் பிரேக் மேலேயே கால். பதற்றத்தில் பழக்கம் மாறவில்லை. விழுக்காடு 96க்கு வந்து பிடி திரும்பியிருந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை, நான் வைத்திருந்ததோ மிகக் குறைந்த நிலை.

பின் இருக்கையிலிருந்து அப்பா சொன்னார்: “லைனிங் வாடை வருகிறது. ஓரம் கட்டு.”

எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. இறங்கி முன்சக்கரத்தருகே கை வைத்தால் அனல். இருபது நிமிடம் நின்றோம். சாலையோரப் பலகையில் இரண்டாம் கியரில் இறங்கவும் என்று இருந்தது. அப்பா அதைக் காட்டி, “இதில் இரண்டாம் கியர் எங்கே?” என்றார். இதில் கியரே இல்லை அப்பா என்றேன். “பிறகு எப்படி மலையில் இறங்குவான்? ஏறின கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை நம்பி இறங்கினவன் எவனும் ஓய்வூதியம் வாங்கவில்லை.”

மீட்புப் பிடியின் மூன்று நிலைகளையும் காட்டினேன். அவரே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். உச்ச நிலையில் வைத்துக் காலை எடுத்தார், வண்டி முனகிக்கொண்டு வேகத்தை இழுத்துப் பிடித்தது. “அடேய், இது என்ஜின் பிரேக்!” என்றார். கல்லார் வரை மிதிபிரேக்கை அவர் தொட்டதை விரல்விட்டு எண்ணலாம். அம்மாவுக்குக் குமட்டல் இல்லை. 94ல் அவர் கைக்குப் போன வண்டி அடிவாரத்தில் 97 காட்டியது.

மும்முனை
29 டிசம்பர் 2025, இரவு 9.05

நாற்பது வீட்டுக்கு ஒயரிங் போட்டும் இதை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன் அண்ணா. மேட்டுப்பாளையத்துக்கு நாற்பது கிலோமீட்டரில் இருந்துகொண்டு. ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வடதுருவத்தான்
30 டிசம்பர் 2025, அதிகாலை 1.15

ஒஸ்லோவில் ஹோல்மென்கோலன் என்று ஒரு மேடு இருக்கிறது. அங்கே வீடு உள்ளவர்கள் தொண்ணூறுக்கு மேல் ஏற்றுவதில்லை, காலையில் இறக்கத்தில்தானே வேலைக்குப் போகிறார்கள். குளிரிலும் இதேதான். பேட்டரி உறைந்து கிடக்கும் காலையில் மீட்புப் பிடி பாதிதான் வேலை செய்யும். புதிதாக வாங்குகிறவர்களிடம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லித் தருகிறார்கள், எங்கே பிடிக்காது என்று சொல்லித் தருவதில்லை.

டீசல்புகை
30 டிசம்பர் 2025, காலை 7.40

இந்த வண்டி எனக்கு இன்னும் வேண்டாம். அப்பாவை மட்டும் நாமக்கல்லுக்கு அனுப்பி வையுங்கள். கொல்லிமலை எழுபது வளைவுக்கும் புதிய ஓட்டுநர்களுக்கு ஒரு பாடம் நடத்தட்டும்.

பொருநைக்கரை
18 ஜனவரி 2026, மாலை 4.20

பொங்கல் முடிந்தது. 3,600 கிலோமீட்டர் ஆகிறது. மீட்டர் கணக்கெடுப்பு அடுத்த வாரம், அம்மாவை மனதளவில் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பா நாட்காட்டித் தாளின் பின்புறம் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மணிமுத்தாறு, மாஞ்சோலை, ஊத்து என்று மேலிருந்து கீழே ஊர்ப்பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விழுக்காடு. வனத்துறை அனுமதிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். மேலே சார்ஜ் ஏற்ற வழி இருக்காதே, நூறு வைத்துக்கொண்டே ஏறிவிடுவோமா என்று கேட்டேன்.

“அம்பாசமுத்திரத்தில் எண்பத்தைந்து இருந்தால் போதும்” என்றார். “மேலே போய்த் திரும்பும்போது நீளச் சரிவு இருக்கிறது, அதில் பிடி வேண்டும்.”